சுவரில் திரை மாட்டப் போகிறவர்களுக்குச் சில அறிவுரைகள்

நெட்வொர்க் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு,

உங்களில் பலருக்கு முதல் பொறுப்பாகவே இது வந்து சேர்கிறது: “அந்தச் சுவரில் ஒரு டி.வி. மாட்டி, நம்ம ஸ்விட்ச், ரூட்டர் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று தெரிகிற மாதிரி ஒரு டேஷ்போர்டு போட்டுவிடுங்கள்.” கேட்கும்போது ஒரு மதிய நேரத்து வேலை போலத்தான் இருக்கும். இரண்டு மணி நேரத்தில் வண்ண வண்ணமாக ஏதாவது திரையில் வந்தும்விடும். ஆனால் நள்ளிரவில் அந்தத் திரையைப் பார்த்துவிட்டு ஒருவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு கொட்டும் மழையில் விடுதிக் கட்டடம் வரை போகிறார் என்றால், அவ்வளவு தூரம் அவர் அதை நம்புகிறார் என்று அர்த்தம். அந்த நம்பிக்கைக்குத் தகுதியான திரையை எப்படிக் கட்டுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பேச்சுக்கு ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தை எடுத்துக்கொள்வோம். மெயின் பிளாக், நூலகம், ஆய்வகங்கள், ஆண்கள் விடுதி, பெண்கள் விடுதி, ஒரு சிறிய மருந்தகம். கட்டடத்துக்குக் கட்டடம் மண்ணுக்கடியில் ஃபைபர். மாடிக்கு ஒரு ஸ்விட்ச், வராந்தா நெடுக ஆக்சஸ் பாயின்ட்கள், வாசலில் ஃபயர்வால், வெளியே போக இரண்டு இன்டர்நெட் லிங்க். மருத்துவமனையில் இருப்பவரும் நூற்பாலையில் இருப்பவரும் தங்கள் இடத்துக்கு ஏற்றபடி மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

1. டி.வி. வாங்கும் முன், அதை யார் பார்க்கப் போகிறார்கள் என்று கேளுங்கள். ஹெல்ப் டெஸ்கில் போன் எடுக்கும் பிள்ளைக்கு வேண்டியது ஒன்று; ஃபைபர் இணைக்கத் தெரிந்த டெக்னீஷியனுக்கு வேண்டியது வேறு; மாதம் ஒருமுறை எட்டிப் பார்க்கும் முதல்வருக்கு வேண்டியது முற்றிலும் வேறு. மூவருக்கும் ஒரே திரையில் போட்டால் மூவருமே பார்க்க மாட்டார்கள். சுவரில் இருப்பது ஹெல்ப் டெஸ்குக்கு. மற்றவர்களுக்குத் தனித்தனிப் பக்கங்கள், அவரவர் கம்ப்யூட்டரில்.

பிறகு ஒரு தாளில், திரையில் வரப்போகும் ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே இதை எழுதுங்கள்: இது சிவப்பானால் யார் எழுந்திருப்பார், எங்கே போவார், போய் என்ன செய்வார். பதில் எழுத முடியாத கட்டத்தை அடித்துவிடுங்கள். சுழலும் உலக உருண்டை, எந்த நாட்டிலிருந்து எத்தனை தாக்குதல் என்று பறக்கும் கோடுகள் எல்லாம் இந்த ஒரு கேள்வியிலேயே உதிர்ந்துவிடும்.

2. அடுத்தது நடை. சாவிக் கொத்தை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு ரேக்காகப் போங்கள். மாடல், சீரியல் எண், எந்தப் போர்ட்டிலிருந்து மேலே போகிறது, எந்த யு.பி.எஸ்.ஸிலிருந்து மின்சாரம் வருகிறது, அறைச் சாவி யாரிடம் இருக்கிறது. கடைசி இரண்டையும் பெரும்பாலோர் எழுத மாட்டார்கள். இரவில் தேவைப்படுவது அவைதான்.

பெயர் வைப்பதில் ஒரு ஒழுங்கு வேண்டும். கட்டடம், மாடி, ரேக், வரிசை எண் என்று வைத்தால், பெயரைப் படித்தவுடன் கால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியும். நட்சத்திரங்களின் பெயரையும் நதிகளின் பெயரையும் ஸ்விட்ச்களுக்கு வைக்காதீர்கள். அதே போல ஒவ்வொரு அப்லிங்க் போர்ட்டின் விவரக் குறிப்பிலும் எதிர்முனை எது என்று எழுதிவிடுங்கள்; கண்காணிப்பு மென்பொருள் அந்தக் குறிப்பை அப்படியே எடுத்துத் திரையில் காட்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சில சாதனங்களில் ரீபூட்டுக்குப் பிறகு போர்ட்டின் உள் எண் மாறிவிடும். எண்ணை நம்பிக் கட்டிய கிராஃப், ஒருநாள் நூலகத்தின் பெயரில் விடுதியின் டிராஃபிக்கைக் காட்டும். போர்ட்டின் பெயரை வைத்துக் கட்டுங்கள்.

3. எந்த மென்பொருள் என்ற சண்டையில் வாரங்களைக் கழிக்காதீர்கள். டோபியாஸ் ஓட்டிக்கர் ஒரே ஒரு 64 கிலோபிட் லிங்கைக் கண்காணிக்க எழுதத் தொடங்கிய எம்.ஆர்.டி.ஜி. 1995-ல் வெளிவந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சாதனத்தைக் கேட்பது, வந்த எண்ணைச் சேமிப்பது, கோடாக வரைவது என்று அன்று அது செய்ததையேதான் இன்றைய கருவிகளும் அடிப்படையில் செய்கின்றன. லாட்வியாவில் பிறந்த ஸாபிக்ஸ், அப்சர்வியத்திலிருந்து 2013-ல் பிரிந்த லிப்ரே என்.எம்.எஸ். இரண்டும் இலவசம், இரண்டும் திறந்த மூலம். நான் சொன்ன வளாகத்துக்கு எதுவும் போதும். ஸ்விட்ச், ரூட்டர்தான் பெரும்பகுதி என்றால் லிப்ரே என்.எம்.எஸ்.ஸில் தொடங்குங்கள், சர்வர்களும் சம அளவில் இருந்தால் ஸாபிக்ஸ்.

கிராஃபானாவைப் பற்றி ஒரு வார்த்தை. 2014-ல் வந்த நாள் முதல் அதன் அழகுக்காகவே பலர் அதிலிருந்து தொடங்குகிறார்கள். அது முகம் மட்டும். எண்களைச் சேகரித்துக் கொடுக்கப் பின்னால் வேறொன்று வேண்டும். அந்தச் சேகரிப்பு சரியாக இருக்கிறதா என்று ஒரு மாதம் பார்த்துவிட்டு முகத்துக்கு வாருங்கள்.

4. எஸ்.என்.எம்.பி. மூலம்தான் பெரும்பாலான சாதனங்களைக் கேட்பீர்கள். பழைய பதிப்புகளில் ‘பப்ளிக்’ என்ற ஒற்றைச் சொல்லே கடவுச்சொல்லாக இருக்கும். அதுவும் மறைக்கப்படாமல் கம்பியில் போகும். மூன்றாம் பதிப்பு 2002-லேயே முழுத் தரநிலையாகிவிட்டது. அடையாளச் சரிபார்ப்பும் மறைக்குறியாக்கமும் அதில் உண்டு. அதையே போடுங்கள். பழைய சாதனம் ஏற்க மறுத்தால், படிக்க மட்டும் அனுமதி கொடுத்து, உங்கள் கண்காணிப்பு சர்வரின் முகவரியைத் தவிர வேறெதற்கும் பதில் சொல்லாதபடி அந்தச் சாதனத்திலேயே பூட்டுங்கள்.

சாதனம் தானாக அனுப்பும் ட்ராப் செய்திகளை மட்டும் நம்பியிருக்காதீர்கள். அவை யு.டி.பி.யில் வருகின்றன. வழியில் தொலைந்தால் தொலைந்ததுதான். லிங்க் விழும் நேரத்தில்தான் தொலையவும் செய்யும். நீங்கள் போய்க் கேட்பது முதல். அது வந்து சொல்வது கூடுதல்.

5. இனி முக்கியமான விஷயம். ஒவ்வொரு பச்சை விளக்கும் உண்மையில் எதை அளக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள த்ரீ மைல் ஐலண்ட் அணு மின் நிலையத்தில், அழுத்தத்தை வெளியேற்றும் ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையில் அதற்கான விளக்கு அணைந்தது. வால்வு மூடிவிட்டது என்று பணியாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்த விளக்கு காட்டியதோ வால்வை இயக்கும் மின்காந்தச் சுருளுக்கு மின்சாரம் போகிறதா இல்லையா என்பதை மட்டுமே. வால்வு எந்த நிலையில் இருக்கிறது என்பதை அல்ல. மூடச் சொல்லியாகிவிட்டது என்பதற்கும் மூடிவிட்டது என்பதற்கும் நடுவில் இருந்த இடைவெளியில், குளிர்விக்கும் நீர் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வெளியேறிக்கொண்டிருந்தது.

நம் வேலையில் அவ்வளவு ஆபத்து இல்லை. ஆனால் இதே இடைவெளி ஒவ்வொரு ரேக்கிலும் இருக்கிறது. பிங்குக்குப் பதில் வருகிறது என்றால் அந்த முகவரி உயிரோடு இருக்கிறது, அவ்வளவுதான். விடுதியில் ஆக்சஸ் பாயின்ட் பிங்குக்கு ஒழுங்காகப் பதில் சொல்லும், ஆனால் டி.எச்.சி.பி.யில் கொடுக்க முகவரி தீர்ந்துபோயிருக்கும், ஒரு மாணவியின் போன்கூட உள்ளே நுழைய முடியாது. போர்ட் ‘அப்’ என்று காட்டும். யாரோ விலான் மாற்றிவிட்டுப் போயிருப்பார்கள், டிராஃபிக் சுத்தமாகப் பூஜ்யம். திரை பச்சை. ஹெல்ப் டெஸ்க் போன் மட்டும் அடித்துக்கொண்டே இருக்கும்.

இதற்கு வழி, பயன்படுத்துபவர் செய்வதையே செய்து பார்ப்பது. ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு பழைய மினி கம்ப்யூட்டரையோ ராஸ்ப்பெர்ரி பையையோ மாணவர் வைஃபையிலேயே இணைத்து வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது புதிதாக முகவரி கேட்கட்டும், ஒரு பெயரை டி.என்.எஸ்.ஸில் தேடட்டும், ஒரு பக்கத்தைத் திறக்கட்டும். மூன்றும் நடந்தால்தான் அந்தக் கட்டடத்துக்குப் பச்சை. திரையின் மேல் வரிசையில் கட்டடங்கள் இப்படி இருக்கட்டும். ஸ்விட்ச்கள் அதற்குக் கீழே. இரவு எட்டு மணிக்கு ஒரு விடுதியில் இணைந்திருப்பவர் எண்ணிக்கை பூஜ்யம் என்றால், சாதனம் என்ன சொன்னாலும் அங்கே ஏதோ நடந்திருக்கிறது. அந்த எண்ணையும் பக்கத்திலேயே போடுங்கள்.

6. ஃபைபரில் வந்து விழும் ஒளியின் அளவைக் கட்டாயம் சேகரியுங்கள். இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், வரப்போகும் கோளாறை முன்கூட்டியே சொல்லும் எண்கள் நம் தொழிலில் மிகக் குறைவு. இது அவற்றில் ஒன்று. பெரும்பாலான எஸ்.எஃப்.பி. மாட்யூல்கள் தாங்கள் அனுப்பும் ஒளி, பெறும் ஒளி, தம் வெப்பநிலை ஆகியவற்றைத் தாமே அளந்து சொல்லும். கேட்பதற்குத்தான் ஆள் இருப்பதில்லை.

மருந்தகத்துக்குப் போகும் 10 கிகாபிட் லிங்கைப் பாருங்கள். எல்.ஆர். வகை மாட்யூல். பெறும் ஒளியின் சராசரி மைனஸ் 14.4 டி.பி.எம்.முக்குக் கீழே போகக் கூடாது என்பது தரநிலை. கோடைக்காலம் முழுக்க மைனஸ் 7-ல் நேர்கோடாக இருக்கிறது. ஐப்பசி மழை தொடங்கியதும் மைனஸ் 9 ஆகிறது. வெயில் வந்து இரண்டு நாள் கழித்து மைனஸ் 7.5-க்குத் திரும்புகிறது. அடுத்த மழைக்கு மைனஸ் 11. லிங்க் ஒருமுறைகூட விழவில்லை. பிங் பச்சை, போர்ட் பச்சை, ஒரு பாக்கெட்கூட இழப்பில்லை. ஆனால் மூன்று டெசிபல் குறைந்தால் ஒளி பாதியாகிறது என்பதை நினைவில் வைத்து அந்தக் கிராஃபைப் பார்த்தால், வழியில் எங்கோ ஜாயின்ட் பாக்ஸில் தண்ணீர் இறங்குகிறது என்று புரிந்துவிடும். பகல் வெளிச்சத்தில், மழை விட்டிருக்கும் ஒரு காலையில், ஆளை அழைத்துப் பாக்ஸைத் திறந்து சரிசெய்துவிடலாம். கார்த்திகை மழையில் இரவு 11 மணிக்கு அது அறுந்த பிறகு ஓடுவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வீழ்ச்சியின் வடிவத்தையும் படிக்கப் பழகுங்கள். ஒரே நொடியில் படிபோல இறங்கியிருந்தால் யாரோ ரேக்கில் கை வைத்து பேட்ச் கார்டை மடக்கியிருக்கிறார்கள். மாதக்கணக்கில் சரிவாக இறங்கினால் எதிர்முனையில் அனுப்பும் ஒளியைப் பாருங்கள். அதுவும் சேர்ந்து இறங்கினால் மாட்யூலுக்கு வயதாகிவிட்டது, அது நிலையாக இருந்தால் கனெக்டரில் அழுக்கு. முதலில் துடைத்துப் பாருங்கள். பல நேரம் அதோடு முடிந்துவிடும்.

7. கவுன்ட்டர் கணக்கு. ஸ்விட்ச் உங்களிடம் வேகத்தைச் சொல்வதில்லை. இதுவரை போன மொத்த பைட்களைத்தான் சொல்கிறது. இரண்டு முறை கேட்டு, கழித்து, நேரத்தால் வகுத்து வேகத்தைக் கண்டுபிடிப்பது உங்கள் மென்பொருள். பழைய 32-பிட் கவுன்ட்டர் சுமார் 429 கோடியில் முடிந்து மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஒரு கிகாபிட் லிங்க் முழு வேகத்தில் ஓடினால் 34 விநாடியில் ஒரு சுற்று முடிந்துவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பவருக்கு நடுவில் எத்தனை சுற்று போனது என்று தெரியவே தெரியாது. கிராஃப் உண்மையைவிட மிகக் குறைந்த வேகம் காட்டும், நீங்களும் லிங்க் காலியாக இருக்கிறது என்று நம்புவீர்கள். 64-பிட் கவுன்ட்டரைத்தான் கேட்கிறதா என்று முதல் நாளே சரிபாருங்கள்.

‘அப்டைம்’ எண்ணுக்கும் இதே கதிதான். நூறில் ஒரு பங்கு விநாடியாக எண்ணப்படும் அது 497 நாளில் பூஜ்யத்துக்கு வந்துவிடும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஸ்விட்ச் ரீபூட் ஆனதாகத் திரை கூவும். பதறாமல் உள்ளே போய் லாக்கைப் பாருங்கள்.

எரர், டிஸ்கார்டு இரண்டையும் ஒரே கோட்டில் கூட்டாதீர்கள். எரர் ஏறினால் கேபிள், கனெக்டர், மாட்யூல் ஆகியவற்றைத் தேடிப் போக வேண்டும். எலி கடித்த பேட்ச் கார்டாகக்கூட இருக்கலாம். டிஸ்கார்டு ஏறினால் பெரும்பாலும் வழி போதவில்லை, நெரிசல். முன்னதற்குப் போகிறவர் கையில் கேபிள் டெஸ்டர் வேண்டும். பின்னதற்கு நாற்காலியை விட்டு எழ வேண்டியதே இல்லை.

8. நிறம். ஆலைக் கட்டுப்பாட்டு அறைகளுக்குத் திரை வடிவமைப்பவர்கள் நெடுங்காலம் பட்டுத் தெரிந்துகொண்டதை நாம் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். சாதாரண நிலை சாம்பலாக இருக்கட்டும். நிறம் என்பது கவனம் கேட்பதற்கு. எல்லாம் பளிச்சென்ற பச்சையாக இருக்கும் திரையில், ஓரத்தில் ஒரு சின்னச் சிவப்பு கண்ணில் படுவதற்கு நேரமாகும். சாம்பல் திரையில் உடனே படும். நான் மேலே பச்சை என்று எழுதியதெல்லாம் பழக்கத்தால்தான். உங்கள் திரையில் அங்கே அமைதியான சாம்பலைப் போடுங்கள்.

சிவப்பு என்றால் இப்போதே எழுந்திரு. மஞ்சள் என்றால் இன்றைக்குள் பார். மூன்றாவதாக ஆரஞ்சு, நான்காவதாக ஊதா என்று கூட்டிக்கொண்டே போகாதீர்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள், குறிப்பாக ஆண்களில், நாம் நினைப்பதைவிட அதிகம். பலர் அதை வெளியே சொல்வதும் இல்லை. அதனால் நிறத்தோடு ‘டவுன்’, ‘கவனி’ என்று சொல்லும் இருக்கட்டும், அல்லது வடிவம் மாறட்டும்.

எந்த எண்ணில் மஞ்சள், எந்த எண்ணில் சிவப்பு என்பதை மென்பொருளோடு வரும் டெம்ப்ளேட்டிடம் விட்டுவிடாதீர்கள். விடுதி லிங்க் இரவு 9 மணிக்கு 90 சதவீதம் நிரம்பியிருப்பது தினசரி நடப்பு. அதே லிங்க் அதிகாலை 4 மணிக்கு 90 சதவீதம் என்றால் அது செய்தி. மாடிப்படிக்கு அடியில் பெட்டிக்குள் இருக்கும் ஸ்விட்ச் மே மாதத்தில் காட்டும் வெப்பம், குளிரூட்டிய அறையில் இருப்பது காட்டினால் ஏ.சி. நின்றுவிட்டது என்று பொருள். ஒரு மாதம் அமைதியாகச் சேகரித்து, அந்தந்த இடத்தின் இயல்பைத் தெரிந்துகொண்டு வரம்பு வையுங்கள். ஏறும்போது ஒரு வரம்பும் இறங்கும்போது அதைவிடக் குறைந்த ஒரு வரம்பும் இருக்கட்டும்: 85-ல் பத்து நிமிடம் நின்றால் மஞ்சள், 70-க்கு வந்தால்தான் சாம்பல். இல்லையென்றால் கட்டம் நிமிடத்துக்கு ஒருமுறை கண்சிமிட்டும், யாரும் அதை மதிக்க மாட்டார்கள்.

9. அலாரங்கள் வெள்ளமாக வந்தால் ஒன்றும் வராததற்குச் சமம். 1994 ஜூலை 24 அன்று வேல்ஸில் மில்ஃபோர்டு ஹேவன் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்பு நடந்தது. அதற்கு முந்தைய 11 நிமிடத்தில் இரண்டு பணியாளர்களுக்கு முன்னால் வந்து விழுந்த அலாரங்கள் 275. எதைப் படிப்பது, எதை விடுவது? ஆலை அலாரங்களை ஒழுங்குபடுத்தும் நெறிமுறைகளைப் பற்றிப் பேசும்போது இன்றும் அந்த விபத்தைச் சொல்கிறார்கள்.

மெயின் பிளாக்கில் கோர் ஸ்விட்ச் விழுந்தால் அதன் பின்னால் இருக்கும் அத்தனையும் டவுன் என்று வரும். தெரு டிரான்ஸ்ஃபார்மர் போனதற்கு ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனித்தனியாக இ.பி. ஆபீஸுக்குப் போன் போடுவது போல. எந்தச் சாதனம் எதன் வழியாக வருகிறது என்ற தாய்-பிள்ளை உறவை மென்பொருளில் சொல்லிக் கொடுங்கள். அப்போது கோர் மட்டும் சிவப்பாகும். மற்றவை ‘எட்டவில்லை’ என்று மங்கிக் கிடக்கும்.

நம் ஊரில் இந்த உறவுச் சங்கிலியின் தலையில் பெரும்பாலும் மின்சாரம்தான் இருக்கும். ஆகவே யு.பி.எஸ்.ஸைத் திரையில் மேலே வையுங்கள். நெட்வொர்க் கார்டு உள்ள யு.பி.எஸ். தான் பேட்டரியில் ஓடுகிறதா, இன்னும் எத்தனை நிமிடம் தாங்கும் என்று எஸ்.என்.எம்.பி.யிலேயே சொல்லும். ‘பெண்கள் விடுதி, பேட்டரியில், 22 நிமிடம்’ என்ற ஒரு வரி, அதற்குப் பிறகு வரப்போகும் பதினைந்து சிவப்புகளையும் முன்கூட்டியே விளக்கிவிடும். ஜெனரேட்டரைப் போடச் சொல்ல நேரமும் கொடுக்கும். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் ஷட்டவுன் அறிவித்த நாளில், அந்த நேரத்தைப் பராமரிப்பு நேரம் என்று மென்பொருளில் முன்பே குறித்துவிடுங்கள்.

10. தெரியாததைத் தெரியாது என்று காட்டும் திரையாக இருக்க வேண்டும். இந்த அறிவுரைகளில் ஒன்றை மட்டும்தான் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் சுமார் 5 கோடிப் பேர் இருளில் மூழ்கினார்கள். அன்று மதியம் 2:14-க்கு, ஒஹையோவில் ஒரு மின் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் அலாரம் மென்பொருள் ஓசையில்லாமல் நின்றுபோயிருந்தது. புதிய அலாரம் எதுவும் வரவில்லை. வராததைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று பணியாளர்கள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நம்பினார்கள். அதற்குள் உயர் அழுத்தக் கம்பிகள் தொய்ந்து மரங்களில் பட்டு ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. 4:10 வாக்கில் அடுக்கடுக்காக எல்லாம் சரிந்தது. மரக்கிளைகளை வெட்டாததும் காரணம், மென்பொருள் பிழையும் காரணம். ஆனால் ‘நான் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்’ என்று அந்தத் திரை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் கிடைத்திருக்கும்.

உங்கள் திரையில் இதே விபத்து மிகச் சுலபமாக நடக்கும். சேகரிக்கும் நிரல் நின்றுவிடும். டேஷ்போர்டு கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். அல்லது பிரௌசர் உறைந்துவிடும். காலை 10 மணிப் படம் மாலை 4 மணிக்கும் சுவரில் இருக்கும். ஆகவே: ஒவ்வொரு கட்டத்துக்கும் வயது இருக்கட்டும். மூன்று முறை கேட்டும் புதிய எண் வரவில்லை என்றால் கட்டம் கோடு போட்ட வெள்ளையாக மாறி ‘தகவல் இல்லை’ என்று சொல்லட்டும். கிராஃபில் விடுபட்ட இடம் இடைவெளியாகவே நிற்கட்டும். இரு முனையையும் கோடு போட்டு இணைக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். விடுபட்டதைப் பூஜ்யமாகவும் காட்டாதீர்கள். திரையின் மூலையில் விநாடி முள்ளோடு ஓடும் கடிகாரம் ஒன்றும், அதன் கீழே ‘கடைசித் தகவல்’ என்று சர்வரிலிருந்து வரும் நேரமும் இருக்கட்டும். இரண்டும் விலகினால் அறையில் யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடலாம், நெட்வொர்க் படித்திருக்க வேண்டியதில்லை.

11. கண்காணிப்பவரைக் கண்காணிக்க வெளியில் ஒருவர் வேண்டும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஏறத்தாழ ஆறு மணி நேரம் உலகத்திலிருந்தே மறைந்துபோனபோது, பழுது பார்க்க வேண்டிய அவர்களின் உள் கருவிகளும் அதே நெட்வொர்க்கை நம்பியிருந்ததால் சேர்ந்து போயின. பொறியாளர்கள் டேட்டா சென்டருக்கு நேரில் போக வேண்டியிருந்தது. உங்கள் வளாகத்திலும் கண்காணிப்பு சர்வர் கோர் ஸ்விட்ச் இருக்கும் ரேக்கிலேயே, அதே யு.பி.எஸ்.ஸில்தான் இருக்கும். ஒரு 4ஜி மோடத்தை அதோடு இணைத்து, அதன் வழியாக எஸ்.எம்.எஸ். போகும்படி வையுங்கள். வெளியே வேறெங்காவது ஒரு சிறிய வாடகை சர்வர், உங்கள் கண்காணிப்பிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்ற செய்தியை எதிர்பார்க்கட்டும். வரவில்லை என்றால் அது உங்கள் போனுக்குச் சொல்லட்டும்.

12. டி.வி.யைப் பற்றிச் சுருக்கமாக. ஓ.எல்.இ.டி. வேண்டாம், அசையாத படம் தழும்பாகப் படியும். வீட்டு டி.வி.யின் மின்சிக்கன ‘தானாக அணை’ அமைப்புகளை எல்லாம் தேடி அணையுங்கள். ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள். வாசலில் நின்று படித்துப் பாருங்கள்; படிக்க முடியாத எழுத்தைப் பெரிதாக்குங்கள், இடம் போதவில்லை என்றால் கட்டத்தைக் குறையுங்கள். எழுத்தை ஒருபோதும் குறைக்காதீர்கள். திரையை ஓட்டும் சிறிய கம்ப்யூட்டர், கரன்ட் போய் வந்தவுடன் யாரும் தொடாமலேயே எழுந்து, டேஷ்போர்டைத் திறந்து நிற்க வேண்டும். இரவில் ஒருமுறை பக்கத்தைத் தானே புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அதில் பதிந்திருக்கும் கணக்குப் படிக்க மட்டும் உரிமை உள்ளதாக இருக்கட்டும். பார்வையாளர்கள் நடமாடும் இடம் என்றால் ஐ.பி. முகவரிகளும் மென்பொருள் பதிப்பு எண்களும் திரையில் வரக் கூடாது. அந்தச் சுவருக்கு முன் நின்று யாராவது செல்ஃபி எடுப்பார்கள்.

13. எல்லாச் சாதனங்களின் கடிகாரமும் ஒன்றாக ஓட வேண்டும். ஃபயர்வால் லாக் 3:10 என்றும் ஸ்விட்ச் லாக் 2:52 என்றும் சொன்னால் எது எதற்குக் காரணம் என்று கண்டுபிடிக்க முடியாது. இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவும் நேரத்தைத் தேசிய தகவல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வர்களோடு ஒத்திசைக்கச் சொல்கிறது. லாக்குகளை 180 நாள் வைத்திருக்கவும் சொல்கிறது. வட்டில் அதற்கு இடம் இருக்கிறதா என்று கணக்குப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

14. கட்டி முடித்ததும் உடைத்துப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சொல்லிவிட்டு, நூலகத்தின் அப்லிங்கைப் பிடுங்குங்கள். திரையில் எத்தனை விநாடியில் தெரிகிறது? எத்தனை கட்டம் சிவப்பாகிறது? எஸ்.எம்.எஸ். வருகிறதா? பிறகு சேகரிக்கும் நிரலை நிறுத்திப் பாருங்கள், யு.பி.எஸ்.ஸின் உள்வரும் மின்சாரத்தை அணைத்துப் பாருங்கள், டி.வி. கம்ப்யூட்டரின் பிளக்கை இழுத்துச் செருகிப் பாருங்கள். ஒவ்வொன்றையும் ஹெல்ப் டெஸ்கில் இருப்பவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்யுங்கள். அவர் ஒருமுறை கண்ணால் பார்த்தால்தான், உண்மையாக நடக்கும்போது அடையாளம் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்யுங்கள்.

பொய்யாக வந்த ஒவ்வொரு சிவப்பையும் அன்றே தீருங்கள். ‘அது எப்பவும் அப்படித்தான் காட்டும்’ என்ற வாக்கியம் அந்த அறையில் கேட்டால், மற்ற வேலையை வைத்துவிட்டு அந்தக் கட்டத்தைச் சரிசெய்யுங்கள் அல்லது எடுத்துவிடுங்கள். பழுதான சாதனத்தை மாற்றப் பணம் வரும் வரை அது சிவப்பாகவே கிடக்க வேண்டாம். யார் பொறுப்பு, எந்தத் தேதி வரை என்று எழுதி ஒப்புக்கொண்டதாகக் குறித்துவிடுங்கள்.

15. ஒவ்வொரு வரம்புக்கும் எதிரே ஏன் அந்த எண் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். ‘மருந்தகம் ஃபைபர், மைனஸ் 10-ல் மஞ்சள்: மழைக்கு ஜாயின்ட் பாக்ஸ் நனைகிறது, வேப்பமரத்தடி சேம்பர்’ என்பது போல. டேஷ்போர்டின் அமைப்புக் கோப்பு முழுவதையும் வாரம் ஒருமுறை வேறு இடத்தில் நகல் எடுங்கள். நீங்கள் வேறு வேலைக்குப் போகும் நாளில், உங்கள் இடத்துக்கு வருபவரிடம் சாவிக் கொத்தையும் அந்தக் குறிப்பேட்டையும் கொடுத்து, அவரையும் அழைத்துக்கொண்டு எல்லா ரேக்குக்கும் ஒருமுறை நடந்துவிட்டு வாருங்கள்.